வலி எங்கே என்று கேட்கிறார்

செவ்வாய்க்கிழமை, பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை
இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே
நான் மூன்றாவது நாற்காலி.
ஒரு பக்கம் டாக்டர் ஒப்தூலியா.
மறு பக்கம் எங்கள் ஊர்க்காரர் யாராவது,
வீங்கிய முழங்காலோடு,
பதினோரு வருடம் இங்கே இருந்தும்
ஓலா, கிராசியாஸ், ஊனா செர்வேசா தாண்டாத நாக்கோடு.

"வலி எங்கே என்று கேட்கிறார்."
தொட்டுக் காட்டுவார்கள்.
அதற்கு நான் தேவையில்லைதான்.

சம்பளம் கிடையாது. எலுமிச்சை தருவார்கள், பை பையாக.
இந்தப் பள்ளத்தாக்கில் எலுமிச்சை இல்லாத வீடே இல்லை.
ஒருவர் தந்ததை அடுத்தவருக்குத் தந்துவிடுவேன்.

வெயிலுக்காக வந்தோம் என்போம்.
பொய்யில்லை.
பிப்ரவரியில் பாதாம் பூத்தால்
கிரிம்ஸ்பியில் இருக்கும் தங்கைக்குப் படம் அனுப்பாமல்
ஒரு வருடமும் இருந்ததில்லை.
பதிலுக்கு அவள் அனுப்புவது
ஜன்னல் கண்ணாடி, அதில் வழியும் மழை.
நான் அனுப்பாத படம் ஒன்று உண்டு:
ஜனவரி இரவில், வீட்டுக்குள்,
கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு
கேஸ் அடுப்போடு ஒட்டி உட்கார்ந்திருக்கும் நான்.
இந்த வீடுகளைக் கட்டியவர்களுக்குக்
கோடை மட்டும்தான் எதிரி.

போன வாரம் டென்ஸில் வந்தார்.
ஹடர்ஸ்ஃபீல்டில் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர்.
பேரன் பிறக்கிறான், இரண்டே வாரம் என்று போனாள் மார்ஜரி.
பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான்.
சண்டையெல்லாம் இல்லை என்பார்.
அவளுக்குப் பேரன், எனக்கு நீச்சல் குளம்.
வீட்டை விற்றுவிடலாம்,
தோட்டத்து அறைக்கு அனுமதி வாங்காமல் விட்டதால்
வாங்கத்தான் ஆளில்லை.

டாக்டர் பேசினார். மெதுவாக, நீளமாக.
அந்த நீளத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.
முடித்தபோது அந்த அறையில்
விஷயம் தெரிந்தவர்கள் இரண்டு பேர்.
உரியவர் மட்டும் இன்னும் வெளியே.
கீழே தெருவில் தண்ணீர் லாரி பின்வாங்கும் சத்தம்.
டென்ஸில் என் முகத்தைப் பார்த்தார்,
கடைசி நிறுத்தத்தில் இறங்காத பயணியைக்
கண்ணாடியில் பார்ப்பதுபோல.

இந்த மொழியில் 'இருக்கிறேன்' என்பதற்கு
இரண்டு வினைச்சொற்கள்.
கிரிம்ஸ்பிக்காரியாக இருப்பதற்கு ஒன்று, அது மாறாது.
கோபமாக, களைப்பாக இருப்பதற்கு இன்னொன்று.
இந்த ஊரில் இருக்கிறேன் என்றால், பதினான்கு வருடமானாலும்,
அந்த இரண்டாவதுதான்.
டாக்டர் சொன்னதில் எது எங்கே வந்தது என்று
கவனிக்காமல் விட்டுவிட்டேன்.
ஆங்கிலத்தில் இருப்பதோ ஒன்றே ஒன்று.
அதை வைத்துக்கொண்டு சொன்னேன்.

"ஊருக்குத் திரும்பச் சொல்கிறாரா?"

கேட்டேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:
இங்கே ஆஸ்பத்திரி நன்றாகப் பார்க்கும்.
அங்கே உங்களுக்கு மனிதர்கள் இருக்கிறார்கள்.
இரண்டையும் மாற்றிச் சொன்னேன்,
எந்த வாக்கியத்திலும் குரல் இறங்கிவிடாமல்.
அதுதான் என் வேலை என்று நினைக்கிறேன்.

எத்தனை மாதம் என்று அவர் கேட்கவில்லை.
வெளியே வந்ததும் கேட்டது:
"ரமோனாவிடம் இதை எப்படிச் சொல்வது?"

பக்கத்து வீட்டுக்காரி. சனிக்கிழமைதோறும்
ஒரு தட்டுச் சோறு அவர் கேட்டின் மேல் வைத்துவிட்டுப் போவாள்.
தட்டைக் கழுவி அதே இடத்தில் இவர் வைப்பார்.
பதினோரு வருடப் பேச்சு அவ்வளவுதான்.

மருந்துச் சீட்டின் பின்பக்கம்
ஆறு சொல்லில் எழுதிக் கொடுத்தேன்.
தாழ்வாரத்தில் நின்று சொல்லிப் பார்த்தார்,
மூன்று முறை, பாடம் ஒப்பிக்கும் பையன் மாதிரி.
உச்சரிப்பு தப்பு. திருத்தவில்லை.
கூட வரட்டுமா என்றேன்.
தலையாட்டினார். எந்தப் பக்கம் ஆட்டினார் என்று
இப்போது யோசித்தால் சரியாக நினைவில்லை. போய்விட்டார்.

நாற்காலியின் முதுகில் அவருடைய பை தொங்கிக்கொண்டிருந்தது.
அடுத்து உள்ளே வந்த மூட்டுவலிக்காரியிடம்
வலி எங்கே என்று கேட்கிறார் என்றேன்.
போகும்போது ஆறு எலுமிச்சைகளையும்
அவள் கையில் கொடுத்தேன்.