அளவு இருபத்திரண்டு

மூன்று நாளாக முருகன்குறிச்சி மாடியில் உட்கார்ந்து
ஞானதிரவியம் சீருடைக் கடையை
எங்கோ கடலுக்கு அப்பால் இருக்கும் மெயில் கம்பெனியோடு
முடிச்சுப் போடுகிறேன்.

சாவி ஒட்டியாயிற்று.
டொமைன் சரிபார்ப்புக்கு நாற்பத்தெட்டு மணிநேரமாம்.
"நம்ம கடைதாம்னு எவன்கிட்டல்லாம்ல நிரூபிக்கணும்?"

ஆர்டர் கிடைத்ததும் தானாகப் போகும் கடிதத்தில்
நன்றி வேண்டாமென்றார்.
"சாயம் போனா கொண்டாங்கன்னு போடு.
அதுக்குமேல என்ன நன்றி?"

அடியில் தானே முளைத்த வரியை விரல் வைத்துப் படித்தார்:
இனி எங்கள் அஞ்சல் வேண்டாமெனில் இங்கே அழுத்தவும்.
"கடைவாசல்ல எவனாவது இப்படி போர்டு வைப்பானால?"
அது அவர்கள் சட்டம் என்றேன்.
டேப்பைச் சுருட்டினார், விரித்தார், சுருட்டினார்.

இரவு பதினொன்றே முக்காலுக்கு
முதல் சோதனை அஞ்சல் போனது.
தேடினால் ஸ்பேமில் கிடந்தது,
லாட்டரி விழுந்தவர்களுக்கும்
ஈடில்லாமல் கடன் தருகிறவர்களுக்கும் நடுவே.

அன்புள்ள               ,
உங்கள் இரண்டு அரைக்கால்சட்டைகள்
(அளவு 22) கிளம்பிவிட்டன.

பெயர் இணையவில்லை. காலையில் பார்க்கலாம் என்று
மடிக்கணினியை மூடினேன்.

ஷட்டரைப் பாதி இறக்கியவர் நின்றார்.
"அந்தப் பையன் பேரு என்னல?"

எந்தப் பையன்?

"இருபத்திரண்டு சைஸுக்காரன்."