ஞாயிற்றுக்கிழமைப் பெயர்

மக்டெபுர்க் சேமிப்பு வங்கியில்
மூன்றாம் மேசை, வில்மார் ஹாபர்கோர்ன்.
விரல் நுனியில் மை, கழுத்தில் கஞ்சிபோட்ட காலர்.
ஞாயிறு மதியம் மட்டும் அவன் ஷ்டோர்க்.
அவர்கள் மொழியில் நாரை.
கால் நீளம் என்று யாரோ வைத்தது,
வேலை போய்விடும் என்று அவன் வைத்துக்கொண்டது.

பந்து உதைப்பது அப்போது ஆங்கிலேய நோய்.
உடற்பயிற்சிக் கழகத்தார் மீசையை முறுக்கிச் சொன்னார்கள்:
குனிந்து ஓடுகிறவன் குரங்கு.
பட்டாளம் அணிவகுக்கும் திடலில்
குதிரைச் சாணம் ஒதுக்கி,
மதுக்கடைப் பின்கட்டிலிருந்து
கம்பங்களைத் தோளில் சுமந்து வந்து நட்டு,
குறுக்கே கயிறு கட்டினால் அதுதான் கோல்.
பந்து போனது கயிற்றுக்கு மேலா கீழா என்று
இருட்டும்வரை சண்டை.
மழை குடித்த தோல்பந்தைத் தலையால் முட்டினால்
திங்கட்கிழமைக் கூட்டல் தப்பும்.

பின்னால் எடுத்த குழுப்படம் ஒன்று பார்த்தேன்.
பத்து முகம் தெளிவு.
பதினோராவது ஆள்,
படம் பிடிப்பவர் எண்ணும்போது
வேண்டுமென்றே தலையை அசைத்திருக்கிறான்.
கழுத்துக்கு மேல் பனிமூட்டம்.
கீழே, சந்தேகமே இல்லாமல், அந்தக் கால்கள்.

ஒரே ஒருமுறை நாட்டுக்காகவும் ஆடினான்.
மூன்றாம் வகுப்பில் இரவெல்லாம் ரயில்.
சுவிஸ்காரர்களிடம் நான்கு வாங்கி
ஒன்று போட்டார்கள். போட்டது ஷ்டோர்க்.
சட்டையைத் துவைத்துத் திருப்பித் தரச் சொன்னார்கள்.

செவ்வாய்க்கிழமை மேலாளர் ஸீகெல்மான்
பேரேட்டைப் புரட்டியபடி, தலை நிமிராமல்:
"இரண்டாம் பாதியில் அந்த ஷ்டோர்க்
இடப்பக்கம் கொடுத்திருக்கலாம்.
ஆள் சும்மா நின்றான்."
"அப்படியா ஐயா" என்றான் ஹாபர்கோர்ன்.
அப்புறம் அதைப்பற்றிப் பேச்சே இல்லை.
கோடை முடிவதற்குள்
மூன்றாம் மேசை இரண்டாம் மேசையானது.

போர் வந்தது. பத்து முகங்களில் ஆறு திரும்பவில்லை.
அவன் திரும்பினான், முழங்கால் மடங்கவில்லை.
சொந்தப் பெயரில் கழகத்துக்குப் பொருளாளர் ஆனான்.

இருபத்தைந்தாம் ஆண்டு விருந்து.
புதுப் பையன்கள், பழசு யாருக்கும் தெரியாது.
"எங்கள் ஒரே தேசிய வீரருக்கு" என்று
தலைமாட்டில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு,
தட்டு வைத்து, ஆப்பிள் சேர்த்த வாத்துக்கறி பரிமாறி,
எழுந்து ஒரு நிமிடம் மௌனம்.
ஹாபர்கோர்னும் எழுந்தான்,
விறைத்த காலை மேசையில் சாய்த்து.
அந்த ஒரு நிமிடம் என்ன நினைத்தானோ,
அது எந்த ஏட்டிலும் இல்லை.

ஏட்டில் இருப்பது இவ்வளவுதான்,
சாய்வில்லாத வங்கிக் கையெழுத்தில்:
ஷ்டோர்க், சாப்பாடு ஒன்று, இரண்டு மார்க் நாற்பது.
பக்கத்தில் பென்சிலால்,
வீணாகவில்லை. பொருளாளர் வீட்டுக்கு எடுத்துப்போனார்.