நகம் தட்டுகிற இடம்

டண்டினோங்கில் ஜூலை.
கராஜ் ஹீட்டர் முதுகில் ஒரு பக்கத்தை மட்டும் சுடுகிறது.
ஹைஏஸ் வானுக்கென்று வாங்கிய பழைய எஞ்சின்
ஸ்டாண்டில் தலை கழன்று
நாலு வாயையும் கூரைக்குத் திறந்தபடி.

விற்றவன் சொன்னான்:
ஒரு லட்சத்து நாற்பதினாயிரம்தான் ஓடினது,
அதுவும் ஒரு பூக்கடைக்காரி, மெதுவாக.
இருக்கலாம். பூ பாரமில்லை.

ரோர்ச்சை முதல் துளைக்குள் இறக்குகிறேன்.
தொழிற்சாலையில் குறுக்கும் மறுக்குமாய் இழுத்த கோடுகள்
இன்னும் இருக்கின்றன, பாய்ப் பின்னல் மாதிரி.
அந்தப் பின்னலில்தான் ஒயில் தங்கும்.
இரண்டாவதில் கொஞ்சம் மங்கல், பரவாயில்லை.
மூன்றாவது
கண்ணாடி.
என் மூக்கும் நெற்றியும் வளைந்து தெரிகிற சுவர்.
அவ்வளவு வழுவழுப்பில் ஒயில் எதைப் பிடித்து நிற்கும்?

மேல் விளிம்பில் விரலுக்கு ஒரு படி இடறுகிறது.
ரிங் போய்த் தொடாத அந்த மெல்லிய வளையம் மட்டும்
பிறந்த அளவிலேயே இருக்கிறது.

"ஹோன் அடிச்சாச் சரிவரும்தானே?"
கௌரிதாசன் ஐந்தாம் தரம் கேட்கிறான்.
சனிக்கிழமை நாற்பது தட்டு சாப்பாடு
கிரான்போர்னுக்குப் போகவேணும்.

நேற்றுக் கல்யாணத்துக்குப் பூசின சிவப்பு
நகத்தில் அப்படியே கிடந்தது.
அந்த நகத்தைச் சுவரைச் சுற்றி இழுத்தேன்.
டக்.
கொஞ்சம் கீழே இறக்கி இழுத்தேன். டக்.
இன்னும் கீழே.
நகம் வழுக்கினால் அது கறை, மன்னித்துவிடலாம்.
தட்டினால் கீறல்.
நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்கும் சத்தம் கேட்டது.

பிறகு கேஜ் வைத்துப் பார்த்தது ஒரு சம்பிரதாயம்.
மேலே தொண்ணூற்றைந்து தசம் ஒன்று நாலு,
கீழே தசம் பூச்சியம் மூன்று.
கேஜைக் குறுக்கே திருப்பினால் வேறொரு எண்.
வட்டம் என்று நாங்கள் காசு கொடுத்தது
வட்டமில்லை.

கொஸ்டாஸின் மெஷின் ஷொப்பில்
அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி
வெகுநேரம் குனிந்து பார்த்தார்.
"மூன்றாவதில் யார் சிவப்பால் குறி போட்டது?"

குறி போடவில்லை. பூச்சு உதிர்ந்து
கீறல் நெடுக ஒட்டியிருந்தது,
மேலிருந்து கீழே
ஏழெட்டுச் சிவப்புப் புள்ளிகள்.
கையை ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

"இதை மட்டும் போர் பண்ணேலாதா?" என்றான் கௌரிதாசன்.
"ஒன்று பெருத்தால் நாலும் பெருக்கவேண்டும்.
அரை மில்லி. புதுப் பிஸ்டன் நாலு.
புதன்கிழமைக்குப் பிறகு வா."
துண்டுச்சீட்டில் எழுதின தொகை
எஞ்சினுக்குக் கொடுத்ததை விட நூற்றிருபது டொலர் கூட.

திரும்பும்போது பிரின்ஸஸ் ஹைவேயில் மழை.
சிவப்பு விளக்கில் நின்ற இடத்தில்
அவன் விற்றவனுக்குப் போன் எடுத்தான்.
மணி அடித்துக்கொண்டே இருந்தது.
வைப்பர் இரண்டு தரம் போய் வந்தது.

அந்தப் பூக்கடைக்காரிக்கு
ஒரு பெயராவது வைத்திருக்கலாம் அவன்.