ஒன்பது வாக்கு

புதன்கிழமையே முடிவான பாட்டு.
ஷிபின் தாளத்தைப் பேடில் ஏற்றிவிட்டான்,
வேகம் நூற்று நாற்பத்திரண்டு.
வாக்கு எண்ணுவது சனிக்கிழமை என்று
ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒன்பது வாக்கில் தோற்றார் என் வீட்டுக்காரர்,
வழுக்கைத் தலைக்குச்
சீப்புச் சின்னம் கிடைத்த சுயேச்சை.
ஜெயித்தது றோஸ்லெட்.
மூன்றாம் வரிசை, மின்விசிறிக்கு நேர் கீழே,
வழக்கமான அதே நாற்காலியில் இருக்கிறாள்.

களியக்காவிளைச் சந்தைக்குப் பின்னால்
தகரக்கூரைச் சபை எங்களுடையது.
பாறசாலையிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர்களுக்காக
இரண்டாம் சரணம் மலையாளத்தில்.
ஜெயம் என்ற சொல்லை மட்டும்
எந்தச் சோதனைச்சாவடியும் நிறுத்துவதில்லை,
அங்கேயும் ஜெயம், இங்கேயும் ஜெயம்.
இன்றைக்கு அதுதான்
தொண்டையில் குத்திய நெத்திலி முள்.

"கைகளை உயர்த்துங்கள்" என்றேன் மைக்கில்.
உயர்ந்தன.
இடக்கை விரல்களிலெல்லாம் மை.

எந்த மை எங்களுக்கு, எந்த மை அவளுக்கு?
வாய் துதித்துக்கொண்டிருக்க
உள்ளே எண்ணிக்கொண்டிருந்தேன்.
கர்த்தரே மன்னியும், எண்ணினேன்.
கீபோர்டு அஜின், சரி.
பாஸ்டரம்மா, சந்தேகம்.
பனவிளை வீட்டில் பதினொரு பேர்,
எங்கள் வீட்டில் சக்கைப்புழுக்கு தின்ற பதினொரு பேர்

றோஸ்லெட் கை உயரவில்லை.
மடியில் வேதாகமத்துக்குள்
விரலை ஒளித்துவைத்திருந்தாள்.
ஜெயித்தவள் ஜெயப்பாட்டுக்குத் தட்டினால்
ஊர் என்ன சொல்லும்.

அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து
என் வீட்டுக்காரரின் கஞ்சிரா.
ஒருநாளும் தாளத்தில் விழாத கை.
இன்றும் விழவில்லை,
ஆனால் என்ன அடி!
ஷிபின் திரும்பிப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறான்,
முன்வரிசைப் பிள்ளைகள் இரண்டு தாளத்துக்கும் குதிக்கின்றன.
வரியின் நடுவில் சிரித்துவிட்டேன்.
சிரிப்பு ஸ்பீக்கர் வழியே
மீன் சந்தைவரை போயிருக்கும்.

அஜினுக்குக் கட்டைவிரலைக் காட்டினேன்,
அரைக்கட்டை மேலே.
என் சுருதி இல்லை அது, தெரியும்.
சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி
மறுபடி பல்லவி.
மறுபடி.
கூரைத் தூசி விளக்கொளியில் இறங்கிற்று.
றோஸ்லெட் எழுந்துவிட்டாள், செருப்பில்லாமல்,
கண் மூடி, இரண்டு கையும் மேலே.
எண்ணிக்கையை எந்த இடத்தில் விட்டேனென்று
இப்போது கேட்டாலும் தெரியாது.

முடிந்ததும் வாசலில் வந்து நின்றாள்.
"ஸ்தோத்திரம், சிஸ்டர்."
எனக்குக் குரல் போயிருந்தது, காற்றுதான் வந்தது.
கையைக் கொடுத்தேன், கொடுத்த கையை விடவில்லை.
"எங்க தெருக் கொழாய்
செவ்வாக்கெழமையிலிருந்து
ஒடஞ்சு கெடக்கு, மெம்பரே."