வெள்ளி, நாலு மணிக்குள்

திருத்தம் முதலில்:
போன கிழமை மடலில், நீச்சலில் இரண்டாவதாக வந்தவள்
ஒன்யேக்கா அல்ல, ஒன்யின்யே.
அவளுடைய தாய் தொலைபேசியில்
எழுத்தெழுத்தாய்ச் சொன்னார். எழுத்தெழுத்தாய் எழுதினேன்.
என் பெயரை இந்த ஊர்
எத்தனை இடத்தில் முறித்திருக்கிறது என்பதை
அவரிடம் சொல்லவில்லை.

ஏஜாக்ஸ். கல்விச் சபை அலுவலகம், இரண்டாம் மாடி.
வெளியே மைனஸ் பதினெட்டு.
பதினேழு பள்ளிக்கூடங்கள், ஒரு பக்கம்,
ஒரு சாதனைக்கு நாற்பது சொல்.

திங்கள்:
ஏரிக்கரைப் பள்ளியின் றோபோ
மேசை நுனிவரை ஒழுங்காய் நடந்து
நடுவரின் கோப்பிக்குள் கையை விட்டது.
"சூடு பார்க்கத்தான் செய்தோம்" என்றாளாம்
ஃபர்ஹியா, முகம் மாறாமல்.
சிறந்த விளக்கத்துக்கான பரிசு அவர்களுக்கு.

செவ்வாய் உறைமழை. பஸ் ஓடவில்லை.
பள்ளிகள் திறந்திருந்தன, பிள்ளைகள்தான் இல்லை.
மலையடிப் பள்ளியில் வந்த பதினொரு பேரையும்
ஒரே அறைக்குள் இருத்த,
மூன்றாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் சேர்ந்து
சனிக்கிரகம் ஒன்று செய்துவிட்டன.
வளையம், பீட்சாப் பெட்டியின் மூடி.
படத்தில் எண்ணெய்க் கறை தெரிகிறது.
வெட்டாமல் போட்டேன்.

புதன்கிழமை, பாண்டு வாத்தியக் குழு
மொன்றியல் போகக் காசு சேர்த்தது.
டியூபா வாசிக்கும் நிதுர்சனாவின் வீட்டிலிருந்து
இருநூற்றிநாற்பது மிதிவெடி.
பத்து நிமிடத்தில் தட்டு வெறுமை.
ஆசிரியர் கேட்டிருந்தார்: அந்தத் தின்பண்டத்தின்
பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?
கையை எடுத்துவிட்டு
கொஞ்ச நேரம் விசைப்பலகையைப் பார்த்திருந்தேன்.
உள்ளே முட்டை வைத்தது, பொரித்தது,
கடித்தால் உறைக்கும், வேறொன்றும் செய்யாது.
"முட்டை ரோல்" என்று போட்டேன்.
நாற்பது சொல்லுக்குள் அடங்கியது.

வியாழன்: கணிதப் போட்டியில் முழுப் புள்ளி, ஒருவன்.
பள்ளி அனுப்புமுன் தகப்பன் அனுப்பிவிட்டார்,
மூன்று தரம்,
சான்றிதழின் இரண்டு பக்கமும்.
பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை.
பெடியன் தனியே ஒரு மின்னஞ்சல் போட்டிருந்தான்:
தயவுசெய்து சின்னதாகப் போடுங்கள்.
சின்னதாகப் போட்டேன்.
தகப்பன் நாளைக்கு எடுப்பார்.

இன்று வெள்ளி. மூன்று முப்பத்தாறுக்கு
உயர்தரப் பள்ளிக் காரியதரிசி ஜொஆன் பெல்ட்டியே எழுதுகிறார்:
"இது போடுவதற்கல்ல.
யாருக்காவது சொல்லவேண்டும் போலிருந்தது.
ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளை
செப்டெம்பருக்குப் பிறகு இந்தக் கிழமைதான்
ஐந்து நாளும் வந்தது.
போகும்போது என் கதவைச் சாத்திவிட்டுப் போனது.
குளிர் என்று நினைத்திருக்கும்."

பெயர் இல்லை. படம் இல்லை.
இருந்தாலும் போட முடியாது:
வரவுப் பதிவேடு அந்தரங்கம்.
பக்கத்தின் அடியில் நாலு வரி இடம் இருந்தது.
வாகனத் தரிப்பிடத்தில் உப்புத் தூவும் நேரங்களை
அதில் நிரப்பினேன்.

அனுப்பும்போது நாலு மணி மூன்று நிமிடம்.
காரின் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருக்கையில்தான்
உறைத்தது: ஐந்து நாள் என்றால்
செவ்வாயும்தான்.
பஸ் ஓடாத செவ்வாய்.
பாதையெல்லாம் கண்ணாடி.
எங்கிருந்து நடந்திருக்கும், எந்தச் சப்பாத்தோடு,
ஜொஆன் எழுதவில்லை. எனக்கும் கேட்க உரிமை இல்லை.

கண்ணாடியில் ஒரு கையளவு தெளிந்திருந்தது.
வரும் திங்கள் குடும்ப நாள், விடுமுறை.
அடுத்த கிழமை நாலு நாள்தான் என்று
விரலை மடக்கி எண்ணினேன்,
கையுறைக்குள்.