ஷேடு

கீழ்வரிசை முன்பல்லில் ஈறு இறங்கிவிட்டது.
டீ பட்டால் நெற்றிவரைக்கும் கூச்சம்.
அவிநாசி ரோட்டில், பட்டன் கடைக்கு மேல்மாடி.
டாக்டர் இன்பவதனி கண்ணாடியைக் கையில் கொடுத்து
"மூணு வழி இருக்குதுங்க்கா" என்றார்.

அண்ணத்திலிருந்து தோலோடு
பொட்டளவு வெட்டி இங்கே தைப்பது ஒன்று.
கெட்டியாக நிற்கும்.
நிறம் சேராது, ஒட்டுப்போட்டது தெரியும்.

இல்லையென்றால் தோலைத் திறந்து
உள்சதையை மட்டும் உருவிக்கொண்டு மூடிவிடலாம்.
அதை ஈறுக்கடியில் செருகி
ஈறை மேலே இழுத்துத் தைத்தால்
நிறம் ஒத்துப்போகும்.

மூன்றாவது பாக்கெட்டில் வருகிறது,
பன்றித் தோலில் செய்தது.
அண்ணத்தில் கத்தியே படாது.
விலையைச் சொன்னார்.
நான் ஜன்னல் வழியே என் ஸ்கூட்டியைப் பார்த்தேன்.

பதினாறு வருசமாகச் செக்கிங் டேபிள்.
ஷேடு மாறிய பீஸை
லைட்டுக்கடியில் பிடித்துத் திருப்பி அனுப்புகிறவள்.
"கீழுதட்டுக்குள்ள ஆரு பாக்கப் போறாங்க?"
என்கிறார் வீட்டுக்காரர்.
உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துத்தானே
நான் சம்பளம் வாங்குகிறேன்.

இரண்டாவதைச் சொன்னேன்.
மரத்த வாய்க்குள் நூல் போவதும் வருவதும் தெரிந்தது.
இஞ்சுக்கு எத்தனை தையல் என்று
எண்ணப் பார்த்து விட்டுவிட்டேன்.

பத்து நாள் தயிர்சோறு.
நாக்கு அண்ணத்துக்கேதான் போனது.
வெட்டிய கோடு சன்னமாகிச் சன்னமாகி
நேற்று தேடினேன், கிடைக்கவில்லை.
எங்கள் கம்பெனியில்
ஓட்டை விழுந்த துணி ஓட்டைதான்,
கிலோக் கணக்கில் வேஸ்ட்காரர் அள்ளிப்போவார்.

இன்றைய லாட்டில் ஒரு பீஸ்,
தோள்பட்டையில் லேசாக நிறம் மாறி.
சித்த நேரம் கையில் வைத்திருந்தேன்.
ரிஜெக்ட் கூடையில்தான் போட்டேன்.