நாகப்பட்டினத்துப் பெட்டி

ராத்திரி ஏறிய வண்டியை
பர்லியார் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டதாம்.
ஐந்து மணிக்கு குன்னூர் மார்க்கெட் பாலத்தில் வந்து நின்றது,
பெட்டிகளிலிருந்து உப்புத்தண்ணீர் சொட்டச் சொட்ட.
ஏழு பெட்டி. ஏழாவதில்
கணவாய்களுக்கு நடுவே ஒரு பேய்க்கணவாய்.

இதை இங்கே யாரும் வாங்குவதில்லை.
இஸ்மத் பாய் எட்டிப் பார்த்தார்.
"அமலோற்பவம், தூக்கிப் போட்டுடு."
டீக்குப் போய்விட்டார்.

தூக்கினேன். எடை ஒத்துவரவில்லை.
எட்டுக் கையும் ஒன்றை இறுக்கிக்கொண்டிருந்தன:
கழுத்து உடைந்த பிளாஸ்டிக் பாட்டில்,
லேபிள் போய், பாசி ஏறி.
தூங்குகிற பிள்ளையின் விரல் பிரிப்பதுபோல
கை கையாகப் பிரித்தேன்.
ஒவ்வொரு உறிஞ்சியும் விடும்போது
ஒரு சின்னச் சத்தம்.

உள்ளே முட்டை.
நூலில் கோத்த குருணை அரிசி மாதிரி
கொத்துக் கொத்தாய்.
ஒவ்வொரு அரிசியிலும் இரண்டு கரும்புள்ளி.
கண்.

என் தம்பி சேசுராசு விசைப்படகில் போகிறவன்.
முட்டை இட்டபின் இது இரை எடுக்காது என்பான்.
தண்ணீரை ஊதி ஊதி முட்டையைக் கழுவிக்கொண்டே கிடக்குமாம்,
குஞ்சு வெளியே போனால் சாகுமாம்.
முன்பெல்லாம் சங்குக்குள், பாறை இடுக்கில்.
இப்போது பெயின்ட் டப்பா, அறுந்த குழாய்,
"பாதி வீடு நாமதான்க்கா கட்டிக் குடுத்தது."
சிரிப்பான். அவனுக்கு எதற்கும் சிரிப்புதான்.

எந்த ஊர் பாட்டிலோ.
கல்லாறு செக்போஸ்டில் பஸ்ஸை நிறுத்தி
பைக்குள் கைவிட்டுப் பிடுங்குகிறார்கள்.
தப்பியது கொண்டை ஊசி வளைவில் பறக்கிறது.
பாலத்துக்குக் கீழே ஆறு, பெயருக்கு.
அது பவானிக்கு, பவானி காவிரிக்கு, காவிரி கடலுக்கு என்று
பரீட்சையில் எழுதி ஐந்து மார்க் வாங்கியிருக்கிறேன்.
நடுவில் எத்தனை அணை!
இங்கிருந்து போனதுதான் திரும்பி வந்தது என்று
கதை கட்ட எனக்கு மனசில்லை.
ஒன்றுகூடப் போகவில்லை என்று
சத்தியம் பண்ணவும் முடியாது.

மூன்று இதயம், நீல ரத்தம் என்றும் சொல்லியிருக்கிறான்.
வெட்டுப்பலகையில் வழிந்தது ஐஸ் தண்ணீர் நிறத்தில்தான்.
கத்தியைக் கீழே வைத்தேன்.
தூக்கிப் போடு என்றால் எங்கே?
வாளியிலா, ஆற்றிலா,
பாட்டிலோடா, பாட்டிலை விட்டா?

அதற்குள் சுமைக்காரன் காலில்
காலிப் பெட்டி ஒன்று மிதிபட்டது.
தெர்மாகோல் பொரிந்து
வெள்ளை மணிகள் பனிக்குள் பறந்தன.
தரையில், என் முந்தானையில், ஈரமான பலகையில்.
தட்டிவிட்ட அவசரத்தில்
என் முழங்கை பட்டு பாட்டில் உருண்டது.
கடைப் பையன் ஹோஸைத் திறந்துவிட்டான்.

சாக்கடைப் பக்கம்
வெள்ளையாக ஓடுகிறது எல்லாம்.
குனிந்து பார்க்கிறேன்,
எதற்குக் கண் இருக்கிறதென்று.

"அக்கா, கணவாய் ரெண்டு கிலோ.
வளையம் வளையமா வெட்டிக் குடுங்க."
ஓட்டல்கார போஜன் நிற்கிறான்,
கையில் பை இல்லாமல்.